ஆட்டு மூளையும் மதராஸி எலியும்

பனமரத்துப்பட்டிப் பக்கம் ஐம்பது வயதைத் தாண்டியவர்களிடம் நாய்க்கடிப் பேச்சை எடுத்தால் கை தானாக வயிற்றுக்குப் போகும். தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி. நாளுக்கு ஒன்று என்று இரண்டு வாரம் பஸ் ஏறிச் சேலம் பெரியாஸ்பத்திரிக்குப் போய்வர வேண்டும். அத்தனை நாள் கூலியும் போச்சு. குத்திய இடம் தடித்துக் கிடக்க, மறுநாள் ஊசிக்கு வேறு இடம் தேடுவார்கள். வலியைப் பற்றி விலாவாரியாகச் சொல்வார்கள். குழலுக்குள் என்ன இருந்தது என்று கேட்டால் "மருந்துதான்" என்பதோடு பேச்சு நின்றுவிடும்.

அது செம்மறி ஆட்டின் மூளை. வெறிநோய்க் கிருமியை ஆட்டின் மூளைக்குள் செலுத்துவார்கள். சில நாளில் அதற்குக் கால்கள் விழுந்துவிடும். அப்போது ஆட்டைக் கொன்று மூளையை எடுத்து, அரைத்து, உப்பு நீரில் கரைத்து, ஃபீனால் சேர்த்துக் கிருமியைச் செயலிழக்கச் செய்வார்கள். மூளை வீதம் நூற்றுக்கு ஐந்து. கசௌலியில் இருந்த பிரிட்டிஷ் ராணுவ மருத்துவர் டேவிட் செம்பிள் 1911-இல் வகுத்த முறை இது. தென்னாட்டில் இதைத் தயாரித்தது குன்னூர் பாஸ்டர் நிலையம். ஹென்றி பிப்ஸ் என்ற அமெரிக்கச் செல்வந்தரின் நன்கொடையில் 1907-இல் அது தொடங்கியது. கசௌலியும் குன்னூரும் வருவதற்கு முன் நாய் கடித்த வெள்ளைக்காரரில் வசதியுள்ளவர்கள் பாரிசுக்குக் கப்பலேறினார்கள். மற்றவர்களுக்கு வேப்பிலையும் மந்திரமும்தான்.

ஆட்டு மூளையில் ஒரு சிக்கல் இருந்தது. நரம்பிழைகளைச் சுற்றி மயலின் என்றொரு கொழுப்புறை உண்டு. ஆட்டின் மயலினை எதிர்க்கப் பழகிய மனித உடல், அரிதாகச் சிலரிடம், தன் சொந்த மயலினையே தாக்கத் தொடங்கியது. நாய்க்கடிக்கு ஊசி போட்டவருக்கு ஊசியாலேயே கைகால் விளங்காமல் போனது. இது தெரிந்த பிறகும் பல பத்தாண்டுகள் ஏழை நாடுகளில் இந்த ஊசி தொடர்ந்தது. செல் வளர்ப்பில் தயாரான பாதுகாப்பான தடுப்பூசி, காசு உள்ளவர்களுக்குத் தனியார் மருந்துக்கடையில் கிடைத்தது. இலவச வரிசையில் நின்றவர்களுக்கு ஆட்டு மூளை. 2004-ஆம் ஆண்டின் இறுதியில்தான் இந்தியா இதன் தயாரிப்பை அடியோடு நிறுத்தியது. இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கையில் போடும் ஊசியில் ஆடு கிடையாது. ஒருவகைத் தடுப்பூசி கோழிக்குஞ்சுக் கருவின் செல்களில் வளர்கிறது. இன்னொரு வகை வீரோ செல்களில் வளர்கிறது. வீரோ என்பது 1962-இல் ஜப்பானின் சிபா பல்கலைக்கழகத்தில் ஓர் ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து எடுத்துப் பெருக்கப்பட்ட செல் வரிசை. அந்தக் குரங்கு செத்து அறுபது ஆண்டு கடந்தும் அதன் செல்கள் உலகெங்கும் பிளந்துகொண்டிருக்கின்றன.

மருத்துவ வரலாறு எழுதுகிறவருக்குக் கதை இங்கே முடிகிறது. சமூகவியலாளருக்கு இங்கேதான் தொடங்குகிறது. எந்த விலங்கைச் சோதனைக்கு எடுக்கிறோம், ஏன் அதை? அதைப் பிடிப்பவர் யார், கொல்பவர் யார், பலன் முதலில் யாருக்குப் போகிறது? இவற்றை உயிரியல் தீர்மானிப்பதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். என் கணிப்பில் பெரும்பகுதியை ஊர் வழக்கமும் பணமும் அதிகாரமுமே தீர்மானிக்கின்றன. பெரியம்மைக்கு "அம்மைப்பால்" தயாரித்த காலத்தையே பாருங்கள்: ஐரோப்பாவில் பசுக்கன்றின் தோலில் வளர்த்தார்கள், இந்தியாவில் எருமைக் கன்றுகளும் அந்த வேலைக்கு வந்தன. கிருமிக்குப் பசுவும் எருமையும் ஏறக்குறைய ஒன்றுதான். ஊருக்கு அப்படியல்லவே.

ஓர் ஆட்டை எடுத்துக்கொள்வோம். மல்லூர்ச் சாலையோரக் கறிக்கடையில் அது தொங்கலாம். ஆடி மாதம் முனியப்பன் கோயிலில் வெட்டுப்படலாம். கால்நடைக் கல்லூரியின் ஆய்வுக் கொட்டகையில் காதில் எண் மாட்டி நிற்கலாம். மூன்றும் ஒரே மந்தையிலிருந்து வந்தவையாகவும் இருக்கலாம். 1960-ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம் இந்த மூன்றுக்கும் மூன்று தனித்தனி வாசல் வைத்திருக்கிறது. உணவுக்காகக் கொல்வதற்கு 11-ஆம் பிரிவில் விலக்கு. சமய வழக்கப்படி கொல்வதற்கு 28-ஆம் பிரிவு. அறிவு வளர்ச்சிக்காகவும் மருத்துவத்துக்காகவும் செய்யும் சோதனைக்கு 14-ஆம் பிரிவு. ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் கொண்டுவந்த தனிநபர் மசோதாதான் இந்தச் சட்டத்துக்கு வித்து. விதைத்தவர் இவ்வளவு வாசல்களை விரும்பியிருப்பாரா என்பது சந்தேகம். ஆனால் சட்டம் சமூகத்தைப் பார்த்து வரைந்த கோடு இது. கோயில் வாசலை மூடிப் பார்த்தும் தமிழ்நாடு அனுபவப்பட்டிருக்கிறது. கோயில் பலியைத் தடுக்கும் 1950-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தூசுதட்டி 2003-இல் அரசு அமல்படுத்தப் போக, கிராமங்கள் கொதித்தன. அடுத்த ஆண்டே அந்தச் சட்டத்தை நீக்கவேண்டி வந்தது. ஆய்வுக்கூட வாசலைப் பற்றி எந்தக் கிராமமும் கொதித்ததில்லை. அப்படியொரு வாசல் இருப்பதே பலருக்குத் தெரியாது.

மைக்கேல் லிஞ்ச் என்ற சமூகவியலாளர் நரம்பியல் ஆய்வுக்கூடம் ஒன்றில் உட்கார்ந்து, மானிடவியலாளர் ஒரு பழங்குடிக் கிராமத்தைப் பார்ப்பதுபோல விஞ்ஞானிகளைப் பார்த்தார். 1988-இல் வெளியான அவருடைய கட்டுரை இந்தத் துறையில் இன்றும் எல்லோரும் படிப்பது. எலியைத் தேர்ந்தெடுப்பது, தனிமைப்படுத்துவது, குறிப்பிட்ட முறையில் பிடிப்பது, குறிப்பிட்ட வரிசையில் கொல்வது, மூளையைச் சீவிக் கண்ணாடித் தகட்டில் ஏற்றுவது என்று எல்லாமே சடங்கின் ஒழுங்கோடு நடப்பதை அவர் கவனித்தார். தொடக்கத்தில் கடிக்கவும் ஓடவும் செய்கிற உயிருள்ள எலி இருக்கிறது. முடிவில் வரைபடத்தில் ஒரு புள்ளி இருக்கிறது. முதலாவது இரண்டாவதாக மாறினால்தான் அறிவியல் நடந்ததாகக் கணக்கு. கோயிலிலும் ஆடு வேறொன்றாக மாறித்தான் பிரசாதமாகிறது.

வித்தியாசம் ஓரிடத்தில் உண்டு. முனியப்பன் கோயிலில் ஆட்டின் மேல் மஞ்சள் தண்ணீர் தெளித்துவிட்டு, அது உடம்பைச் சிலுப்பும்வரை எல்லோரும் காத்திருப்பார்கள். சிலுப்பினால் சம்மதம். ஈரம் பட்ட எந்த ஆடும் சிலுப்பத்தான் செய்யும் என்பது வெட்டுகிறவருக்கும் தெரியும். ஆனாலும் கேட்டுவிட்டுச் செய்தோம் என்ற நிம்மதி ஊருக்கு வேண்டியிருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் அந்த நிம்மதியைத் தருவது விலங்கு நெறிக்குழுவின் கையெழுத்து.

விலங்கை எந்தப் பெட்டியில் போடுகிறோம் என்பதற்கு இதைவிடக் கூர்மையான உதாரணம் அமெரிக்காவின் டென்னசி பல்கலைக்கழகத்தில் கிடைத்தது. உளவியலாளர் ஹரால்ட் ஹெர்சாக் 1988-இல் எழுதியது. அங்கே சோதனைச் சுண்டெலிகளுக்கு நல்ல உணவு, கால்நடை மருத்துவர், நெறிக்குழு எல்லாம் உண்டு. அதே கட்டடத்தின் நடைபாதையில் இரவில் ஓடும் சுண்டெலிகளுக்குப் பசைத்தட்டு வைத்தார்கள். ஒட்டிக்கொண்ட எலி விடியும்வரை துடித்துச் சாகும். சோதனை எலியை அப்படிக் கொல்ல அனுமதி கேட்டிருந்தால் குழு ஒருகாலும் தந்திராது. விசாரித்தபோது தெரிந்தது: நடைபாதையில் ஓடியவை கூண்டிலிருந்து தப்பிய அதே சோதனை எலிகள். கூண்டுக்கும் தரைக்கும் இடைப்பட்ட ஒரு குதியில் எலியின் தகுதியே மாறிவிட்டது. நம் வீட்டில் பிள்ளையாருக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் மூஞ்சூறுக்கு ஒரு தகுதி, நெல் குதிருக்குள் புகுந்ததற்கு ஒன்று. அதே கதைதான்.

குன்னூருக்குத் திரும்புவோம். வெறிநோய் ஊசி தயாரித்த அதே வளாகத்தில்தான், என் மதிப்பீட்டில், இந்தியாவின் மிக விசித்திரமான விலங்குச் சோதனை நடந்தது.

ராபர்ட் மெக்காரிசன் அயர்லாந்துக்காரர், இந்திய மருத்துவப் பணியில் இருந்தவர். முதல் உலகப் போருக்குப் பின் குன்னூரில் ஒரு சிறு இடத்தில் சத்துக்குறை நோய்களை ஆராயத் தொடங்கினார். புறாக்களுக்குத் தீட்டிய அரிசியை மட்டும் கொடுத்து அவற்றின் கழுத்து முறுக்கிக்கொள்வதைப் பார்த்தார். குரங்குகளுக்குச் சத்தில்லாத தீனி கொடுத்துக் குடல் கெடுவதைப் பார்த்தார். பிறகு 1920-களின் நடுவில், வெள்ளெலிகளை ஏழு கூட்டமாகப் பிரித்தார். ஒவ்வொரு கூட்டத்துக்கும் இந்தியாவின் ஒரு மக்கள் தொகுதியின் சாப்பாடு. சீக்கியர், பட்டாணியர், மராட்டியர், கூர்க்கர், கன்னடர், வங்காளி, மதராஸி.

சீக்கிய எலிக்கு முழுக்கோதுமைச் சப்பாத்தி, வெண்ணெய், பால், தயிர், பருப்பு, காய்கறி, பழம், எப்போதாவது இறைச்சி. மதராஸி எலிக்குத் தீட்டிக் கழுவிய அரிசிச் சோறு, பருப்பு, காய்கறி, மோர், தேங்காய், கொஞ்சம் பால் ஊற்றிய காப்பி. எலிக்குக் காப்பி கொடுத்த சோதனை வேறெங்காவது நடந்ததா தெரியவில்லை, ஆனால் கும்பகோணத்துக்காரர்கள் பெருமைப்பட இதில் எதுவும் இல்லை. கடைசியில் நிறுத்துப் பார்த்தார்கள். சீக்கிய எலியின் சராசரி எடை 235 கிராம். பட்டாணியர், மராட்டியர், கூர்க்கர், கன்னடர், வங்காளி என்று படிப்படியாக இறங்கி, மதராஸி எலி 155 கிராமில் நின்றது. கடைசி இடம் நமக்கு.

இந்த வரிசையைக் கொஞ்சம் கூர்ந்து பாருங்கள். பிரிட்டிஷ் ராணுவம் யாரை "போர்க்குடி" என்று சொல்லி ஆளெடுத்ததோ, அவர்கள் மேலே. யாரை ஆளெடுக்கத் தகுதியில்லாதவர் என்று ஒதுக்கியதோ, அவர்கள் கீழே. அன்றைய அரசாங்கத்தின் மனத்தில் இருந்த ஏணி அப்படியே எலிக்கூண்டில் ஏறி உட்கார்ந்திருந்தது. எலிகள் எந்த ஏணியையும் அறியாது. அவற்றை ஏழாகப் பிரித்ததும் அந்த ஏழுக்குப் பெயர் வைத்ததும் மனிதர். சோதனை விலங்கு வழியாக இயற்கையைப் படிக்கிறோம் என்று நினைக்கும்போதே நம்மையும் நாம் படித்துக்கொண்டிருக்கிறோம் என்று சமூகவியலாளர்கள் சொல்வதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

"மதராஸி" என்று மெக்காரிசன் பெயரிட்ட சாப்பாடு யாருடையது? காவிரிப் படுகையிலும் பட்டணத்திலும் அரிசி வாங்க முடிந்தவருடையது. அதே ஆண்டுகளில் சேலம், நாமக்கல் சமவெளியில் உழைப்பவர் வீட்டில் ராகிக் களி, கம்பங்கூழ், சாமைச் சோறு, கொள்ளுப் பருப்பு, வேலியோரக் கீரை. நெல்லுச்சோறு பொங்கலுக்கும் தீபாவளிக்கும். பனமரத்துப்பட்டி மேட்டுக்காட்டில் களி தின்றவருக்கு அந்த ஏழு கூண்டில் ஒன்றும் ஒதுக்கப்படவில்லை. அவரும் மதராஸிக் கணக்கிலேயே விழுந்தார். இதே சேலம் மாவட்டம் 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் வெந்தபோது, நிவாரண வேலையாளுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம் போதுமா என்று பிரிட்டிஷ் அதிகாரி சர் ரிச்சர்ட் டெம்பிள் கணக்குப் போட்டுப் பார்த்தார். அந்தச் சோதனைக்கு எலி தேவைப்படவில்லை, குடியானவன் போதுமாக இருந்தான்.

இத்தனையும் சொன்ன பிறகு மெக்காரிசனுக்கு நியாயம் செய்ய வேண்டும். அவருடைய எலிகள் எல்லாம் ஒரே வம்சத்தில் வந்த வெள்ளெலிகள். பிறப்பில் வேறுபாடு இல்லை. மாறியது தட்டில் விழுந்தது மட்டும். அப்படியானால் மதராஸி மெலிந்திருப்பது ரத்தத்தால் வந்ததாக இருக்க முடியாது, பால் வாங்க வழியில்லாததால் வந்தது. வடக்கத்திய உடற்கட்டை வியக்கும் அவருடைய எழுத்துக்கு அடியிலேயே, "போர்க்குடி" என்ற நம்பிக்கையைத் தகர்க்கும் வெடியை அவர் எலிகள் வைத்துவிட்டன. இங்கிலாந்தின் ஏழைத் தொழிலாளர் சாப்பாட்டையும் அவர் ஒரு கூட்டத்துக்குக் கொடுத்துப் பார்த்தார்: வெள்ளை ரொட்டி, மார்ஜரின், சர்க்கரைத் தேநீர், வெந்த முட்டைக்கோசு, உருளைக்கிழங்கு, டின் இறைச்சி, ஜாம். அறுபதாவது நாள் வாக்கில் அந்த எலிகள் தங்களில் நலிந்தவற்றைக் கொன்று தின்னத் தொடங்கின. ஆளும் நாட்டின் அடித்தட்டு, அடிமை நாட்டின் கடைசி எலியோடு போய்ச் சேர்ந்தது. அவருக்குப் பின் வந்த அய்க்ராய்ட் கூண்டை விட்டு வெளியே வந்து, வீடுவீடாக மக்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று கணக்கெடுக்க வைத்தார். குன்னூர்க் கூடம் 1958-இல் ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்து 1969-இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர் பெற்றது. நம் பள்ளிச் சத்துணவில் எத்தனை கிராம் பருப்பு என்று பேசுகிறவர்கள் கையில் வைத்திருக்கும் அட்டவணைகளின் பூர்வீகம் அங்கே இருக்கிறது.

வெள்ளைக்கார விஞ்ஞானிகளுக்கு இந்தியா ஏன் வசதியாக இருந்தது என்பதற்குச் சட்டக் காரணமும் ஒன்று உண்டு. விலங்குச் சோதனைக்கு உரிமம் வேண்டும் என்று பிரிட்டன் 1876-இலேயே சட்டம் செய்துவிட்டது. லண்டனில் நாயை அறுக்கக் கூடாது என்று ஊர்வலம் போனார்கள். அந்தச் சட்டத்தைக் கடல் தாண்டி இங்கே கொண்டுவரவில்லை. சோதனை கட்டுப்பாடு குறைந்த இடத்துக்கு நகர்வது அன்று தொடங்கிய பழக்கம். விடுதலைக்குப் பின் விலங்கே நகர்ந்தது. போலியோ தடுப்பூசிக்குக் குரங்குச் சிறுநீரகம் தேவைப்பட்டதால் 1950-களில் வட இந்தியாவின் செம்முகக் குரங்குகள் லட்சக் கணக்கில் விமானமேறின. அனுமாரைக் கும்பிடும் ஊர்களில் அவற்றைப் பிடித்துக் கொடுத்தவர்கள் பிழைப்புக்கு வேறு வழியற்றவர்கள். அமெரிக்கா வாங்கிய குரங்குகள் ஒப்பந்தத்தை மீறி ராணுவக் கதிரியக்கச் சோதனைக்குப் போனது வெளியே தெரிந்ததும், மொரார்ஜி தேசாய் அரசு 1978-இல் ஏற்றுமதியை நிறுத்தியது.

ஆராய்ச்சிக் கட்டுரைகளில் விலங்கின் இனம், வயது, எடை எல்லாம் இருக்கும். தினமும் கூண்டு கழுவி, தவிடு மாற்றி, தண்ணீர் வைத்து, செத்ததை எடுத்துப் போட்டவர் பெயர் இருக்காது. கல்லூரிகளில் அவர் "அனிமல் ஹவுஸ் அட்டெண்டர்". அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்னால்ட் அர்லூக் இத்தகைய பணியாளர்களோடு ஆண்டுக்கணக்கில் பழகி எழுதியவர். விஞ்ஞானிக்கு எலி எண். பணியாளருக்கு அது முகம். சிலர் ரகசியமாகப் பெயர் வைக்கிறார்கள். ஓர் எலியையோ நாயையோ மட்டும் சோதனையிலிருந்து ஒதுக்கி வீட்டுப் பிராணிபோல வளர்க்கிறார்கள். கொல்லும் நாளில் லீவு போடுகிறார்கள். நம் நாட்டில் இதோடு இன்னொரு கேள்வியும் சேரும்: ரத்தமும் பிணமும் படும் வேலைக்கு எந்தச் சாதியிலிருந்து ஆள் வருகிறார்? செத்த மாட்டை யார் தூக்குவது என்பதை ஊர் தீர்மானித்த விதத்தை அறிந்தவர்கள், ஆய்வுக்கூடம் அதற்கு விதிவிலக்கு என்று எளிதில் நம்ப மாட்டார்கள்.

அந்தப் பணியாளரை விட்டுவிட்டுச் சோதனையைப் புரிந்துகொள்ளவும் முடியாது. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி மோகில் குழு 2014-இல் வெளியிட்ட முடிவு துறையையே சற்றுக் கலக்கியது. ஆண்கள் அறைக்குள் இருந்தால் எலிகளும் சுண்டெலிகளும் வலியைக் குறைவாகக் காட்டின. பெண்கள் இருந்தால் அப்படி இல்லை. ஆண் ஒருவர் இரவெல்லாம் போட்டிருந்த பனியனைப் பக்கத்தில் வைத்தாலே போதும். ஆண் வாடையில் எலிக்கு ஏற்படும் பதற்றம் வலியை மறைத்துவிடுகிறது. அப்படியானால் வலி மருந்துச் சோதனைகளில் கூண்டைத் திறந்தது யார் என்று எழுதி வைக்காத அத்தனை கட்டுரைகளிலும் ஓர் ஓட்டை இருக்கிறது.

பெயர் வெளியே தெரிந்த விலங்குப் பணியாளர்களும் தமிழ்நாட்டில் உண்டு. பாம்புத்தோல் ஏற்றுமதி தடைப்பட்டபின் பிழைப்பிழந்த இருளர்கள் 1978-இல் செங்கல்பட்டுப் பக்கம் வடநெம்மேலியில் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கையும் உயிரோடு பிடித்து, விஷம் எடுத்து, மறுபடி காட்டில் விடுகிறார்கள். அந்த விஷத்தைச் சிறுசிறு அளவாகக் குதிரைக்கு ஏற்றி, அதன் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்புப் பொருளைப் பிரித்தால் விஷமுறிவு மருந்து. பனமரத்துப்பட்டியில் அரளித் தோட்டத்தில் விடிகாலையில் பூப்பறிக்கப் போய் விரியனை மிதித்தவர் பிழைப்பது இருளர் கையும் குதிரை ரத்தமும் சேர்ந்ததால்தான். சங்கத்தைச் சேர்ந்த மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2023-இல் பத்மஸ்ரீ பெற்றார்கள். குதிரைகளுக்கு விருது இல்லை.

அரளி என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. அரளியின் நஞ்சு இதயத் துடிப்பைக் குலைப்பது. மஞ்சள் அரளி நஞ்சேறியவர்களுக்கு ஆட்டு ரத்தத்திலிருந்து பிரித்த ஒரு முறிவு மருந்து நன்றாக வேலை செய்வதை இலங்கையில் நடந்த ஆய்வு 2000-ஆம் ஆண்டு லான்செட் இதழில் காட்டியது. ஆனால் அந்த மருந்தின் விலை இலங்கை மருத்துவமனைகளால் தாங்க முடியாததாக இருந்தது. ஆடு தன் பங்கைக் கொடுத்துவிட்டது. அது ஏழையிடம் போய்ச் சேருமா என்பதைச் சந்தை முடிவு செய்தது. விலங்குச் சோதனையை நியாயப்படுத்துகிறவர்கள் "மனித குலத்தின் நன்மைக்காக" என்பார்கள். மனித குலத்தில் யார் என்று கேட்டால் அந்தப் பேச்சு தடுமாறும்.

இன்று இந்தியாவில் எலியோ முயலோ வைத்துச் சோதிக்க வேண்டுமானால் நிறுவனம் பதிவு செய்திருக்க வேண்டும். 1998-இல் வந்த விதிகளின்படி ஒவ்வொரு நிறுவனத்திலும் நெறிக்குழு வேண்டும். அதில் விஞ்ஞானிகள், கால்நடை மருத்துவர், மத்தியக் குழுவின் பிரதிநிதி ஆகியோருடன் விஞ்ஞானி அல்லாத, "சமூக அக்கறை உள்ள" ஓர் உறுப்பினரும் இருக்க வேண்டும். இந்த நாற்காலிதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. அதில் ஓய்வுபெற்ற ஆசிரியரோ வழக்கறிஞரோ உட்காருவது வழக்கம். செம்மறி மேய்ப்பவர் ஒருவரையோ, அட்டெண்டராக இருந்து ஓய்வுபெற்றவரையோ உட்கார வைக்க விதி எதுவும் தடுக்கவில்லை. விலங்கின் வலியை முகம் பார்த்துச் சொல்லத் தெரிந்தவர்கள் இவர்கள்தானே. சமூக அக்கறைக்குப் பட்டப்படிப்புத் தகுதி எப்போது வந்தது?

அந்த நாற்காலியில் கேள்வி கேட்பவர் வேண்டும், ஏனென்றால் நம் பகுதியில் நடக்கும் சோதனைகளில் பெரும் தடுப்பூசிக் கண்டுபிடிப்புகளைத் தேட வேண்டியதில்லை. சேலம், குமாரபாளையம், திருச்செங்கோடு வட்டாரத்தில் மருந்தியல் கல்லூரிகள் வரிசையாக இருக்கின்றன. இத்தகைய கல்லூரிகளில் வழக்கமாக வரும் ஆய்வேடு எனக்குப் பரிச்சயமான ஒன்று: ஏதேனும் ஓர் இலையின் சாறு, அலாக்சான் கொடுத்துச் சர்க்கரை நோய் உண்டாக்கிய எலிகள், இரத்தப் பரிசோதனை, முடிவில் "மேலும் ஆய்வு தேவை". அந்த மேலும் ஆய்வை யாரும் செய்வதில்லை. அடுத்த ஆண்டு மாணவர் வேறோர் இலையோடு வருவார். இங்கே எலி சாவது நோயாளிக்காக என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது. பட்டத்துக்காகச் சாகிறது. பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் ரஸ்ஸலும் பர்ச்சும் 1959-இல் சொன்ன மூன்று விதிகளை, அதாவது மாற்று வழி இருந்தால் மாற்று, எண்ணிக்கையைக் குறை, வலியைக் குறை என்பதை, எல்லாக் குழுவும் படிவத்தில் நிரப்புகிறது. இந்த ஆய்வு தேவைதானா என்ற நான்காவது கேள்விக்குப் படிவத்தில் அழுத்தமான இடமில்லை.

அந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்த்த இடங்களில் உலகம் இடிந்து விழவில்லை. விலங்கியல் வகுப்பில் தவளை அறுப்பதைப் பல்கலைக்கழக மானியக் குழு 2014-இல் நிறுத்தச் சொன்னது. அதற்கு முன்பே திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் அக்பர்ஷாவின் முன்முயற்சியில் 2009-இல் மாற்று முறைகளுக்கென்றே ஒரு மையம் உருவாகியிருந்தது. தவளை அறுக்காமல் படித்தவர்கள் மோசமான உயிரியலாளர்களாகிவிட்டதாக எந்தப் பேராசிரியரும் நிரூபித்துக் காட்டவில்லை. அழகுசாதனப் பொருள்களை விலங்கில் சோதிப்பதும் 2014-இல் தடை செய்யப்பட்டது. புது மருந்துகளுக்கு விலங்குக்குப் பதில் மனித செல்களாலான சிற்றுறுப்புகளையும் சில்லு மேல் வளர்த்த திசுக்களையும் ஏற்கலாம் என்று 2023 மார்ச்சில் விதி திருத்தப்பட்டது.

குதிரையிலிருந்து எடுக்கும் விஷமுறிவு மருந்துக்கும் மாற்று வந்துகொண்டிருக்கிறது. பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் கார்த்திக் சுனகரின் குழுவும் அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் ஆய்வாளர்களும் சேர்ந்து, நல்ல பாம்பு, கட்டுவிரியன் வகையறாவின் முக்கிய நரம்பு நஞ்சை முறிக்கும் செயற்கை எதிர்ப்புப் புரதம் ஒன்றை 2024 பிப்ரவரியில் அறிவித்தார்கள். அது மனித எதிர்ப்புப் புரதத்தின் வடிவில் இருப்பதால் குதிரைப் புரதத்துக்கு வரும் ஒவ்வாமைச் சிக்கல் குறையும். கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் விஷம் வேறு வகை. அதற்கு இது போதாது. குதிரையை ஒருநாள் லாயத்திலிருந்து விடுவிக்கக்கூடிய இந்தப் புரதம் வேலை செய்கிறதா என்று பார்த்தது சுண்டெலிகளில்.